சித்தியும் முதலாளியின் அம்புக்குறியும்

எங்கள் அலுவலகத்தில் சித்தி என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு உண்மையான அக்கா மகன் ஒரே ஒருவன்தான். அவனும் இங்கேதான் வேலை செய்கிறான்: முன்வழுக்கை, கண்ணாடி, கணினிக்கு நிரல் எழுதுகிற வேலை, சித்தியை விட ஏழெட்டு வயதுதான் சின்னவன். அவன் நாள் முழுக்க "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது சளி மாதிரி எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. டீ கொண்டுவருகிறவர் சித்தி என்கிறார். கீழே டயர் கடை வைத்திருக்கிற தாத்தாவும் சித்தி என்கிறார். முதலாளி மட்டும் கொஞ்ச காலம் "மேடம்" என்று பிடிவாதமாக இருந்தார். ஒருநாள் வாய் தவறி அவரும் சித்தி என்றுவிட்டார். அதன்பின் அவருக்குத் திரும்பிப் போக வழியில்லை.

என்னைப் பொத்தான் என்று கூப்பிடுவார்கள். ஃபோன் திரையில் வருகிற பொத்தான்களின் மேல் என்ன எழுத வேண்டும் என்று யோசிப்பது என் வேலை. 'அனுப்பு' என்பதா 'சமர்ப்பிக்க' என்பதா என்று அரைநாள் சண்டை போடுவேன். 'சமர்ப்பிக்க' என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மூக்கு நுனியில் கோபம் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, அது உண்மைதான்.

சித்தியின் வேலை திரைகளை வரைவது. ஒரு ஆப்பைத் திறந்தால் கண் முதலில் எங்கே போகும், விரல் எங்கே தேடும், எது பக்கத்தில் எது இருந்தால் ஆள் குழம்பிப்போவார், இதையெல்லாம் யோசித்து வரைய வேண்டும். இதற்கு முன்னால் அவர் ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோவில் இருந்தார். படத்தில் மூடின கண்ணைத் திறந்து வைப்பது, குடும்பத்தோடு சண்டை போட்ட மைத்துனரைப் படத்திலிருந்து தூக்குவது, சமாதானமான பிறகு அதே மைத்துனரைத் திரும்ப ஒட்டுவது என்று பல வருஷம் ஓடியிருக்கிறது. ஸ்டூடியோக்காரர் எந்நேரமும் பின்னால் நின்று, காதருகில் மூச்சு விட்டபடி, "மூக்கு, மூக்கு, மூக்கைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதிலிருந்து யாராவது பார்த்தால் சித்தியின் கை ஒரு நேர்கோடு கூடப் போடாது.

வீட்டில் அவர் வரைய உட்கார்ந்தால் அவர் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். சித்தியின் கணவர் என்பதால் அவர் எங்கள் எல்லோருக்கும் சித்தப்பா. நல்ல மனிதர். கிரிக்கெட் ஆட்டத்தின் பாதியை முதுகால் பார்த்துப் பழகியவர். அலுவலகத்தில் சித்தி இடது கையைக் காகிதத்தைச் சுற்றி வளைத்து, பரீட்சை எழுதுகிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடமிருந்து மறைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டுதான் வரைவார்.

"யாரும் காப்பியடிக்க மாட்டாங்க சித்தி," என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"காப்பியடிச்சா அடிக்கட்டும். பாக்கக் கூடாது," என்றார்.

அழித்து அழித்து வரைந்து முடித்ததும், காகிதத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொள்வார். நாங்கள் எல்லோரும் பார்த்து முடித்தோம் என்று குரல் கொடுத்தால்தான் வெளியே வருவார்.

பிறகு முதலாளி வந்து பார்ப்பார். அவர் பார்க்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரின் முன் நிற்பார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமல், காகிதத்தில் ஏதோ ஓர் இடத்தில் தட்டுவார். "ம்" என்பார். போய்விடுவார். அவ்வளவுதான். பேனா பட்ட இடத்தில் ஏதோ தப்பு இருக்கிறது. அது என்ன தப்பு என்று கண்டுபிடிப்பது எங்கள் சாமர்த்தியம். சொல்லிக்கொடுத்தால் நாங்கள் சோம்பேறியாகிவிடுவோம் என்பது அவர் கொள்கை. நான் புதிதாகச் சேர்ந்தபோது, "என்ன தப்பு சார்?" என்று கேட்டுவிட்டேன். "யோசிங்க," என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. தட்டிய இடத்தைச் சுற்றி நின்று விசாரணை நடத்துவோம்.

இப்படியே போயிருக்கும், ஒரு மருந்துக்கடை வேலையில் மானம் கப்பலேறாமல் இருந்திருந்தால். அப்போதெல்லாம் ஒரே கணினிக் கோப்பை ஒருவர் திருத்தி இன்னொருவருக்கு அனுப்புவோம். 'கடைசி', 'கடைசியோ கடைசி', 'சத்தியமா இதுதான் கடைசி' என்று பெயர் வைப்போம். அந்தச் சத்தியம் பொய்த்துப்போய் பழைய கோப்பு கடைக்காரருக்குப் போய்விட்டது. அதில் பெரிய பச்சைப் பொத்தானில், 'என்ன எழுதறதுன்னு இன்னும் தெரியல' என்று நான் இடத்தை நிரப்ப எழுதி வைத்திருந்தேன். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் அமுக்கினார்கள்.

அந்தக் கூத்துக்குப் பிறகுதான் அக்கா மகன் அந்தப் பலகையைக் கொண்டுவந்தான். இணையத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. ஒரே ஒன்றுதான் இருக்கும், எனவே கடைசியும் இல்லை, கடைசியோ கடைசியும் இல்லை. எல்லோரும் அவரவர் கணினியிலிருந்து அதற்குள் போகலாம், வரையலாம், மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டலாம். உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் அம்புக்குறி. அம்பின் வாலில் அவரவர் பெயர் தொங்கும். ஒருவர் என்ன செய்தாலும் அதைச் செய்கிற கணத்திலேயே மற்ற எல்லோரும் பார்க்கலாம்.

"செய்யும்போதேவா?" என்று கேட்டார் சித்தி.

"ஆமா சித்தி. அதுதான் இதுல அழகே."

"அழிக்கறதும் தெரியுமா?"

"எல்லாமே தெரியும்."

சித்தி முகத்தில் ஈ ஆடவில்லை.

முதலாளிக்குப் பலகை ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் அதற்குள் போய்ப் பார்க்கவில்லை, பிடித்துவிட்டது. மறுநாளே சித்தியைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"பல் கிளினிக் ஒண்ணு வேலை குடுத்திருக்காங்க. ஃபோன்லயே நேரம் வாங்கற ஆப். இதை முழுக்க போர்டுலயே பண்ணணும். சித்தி, நீங்கதான் நடத்தறீங்க. கிளினிக்காரங்களும் உள்ள வந்து பாப்பாங்க. அவங்களுக்குப் பிடிச்சிருந்தா, இனிமே நம்ம ஸ்க்ரீன் வேலை எல்லாம் உங்க பொறுப்பு."

"பிடிக்கலன்னா சார்?"

"ஸ்க்ரீன் வேலையை வெளிய ஒரு கம்பெனிகிட்ட விட்டுடலாம்னு இருக்கேன். உங்களுக்கு என்ன, போஸ்டருக்குப் படம் வெட்டற வேலை இருக்கவே இருக்கு."

மாடிப்படியில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் மறுபடி மூக்கு வெட்டப் போகமாட்டேன் பொத்தான். எனக்கு இந்த வேலைதான் வேணும்," என்றார். அவர் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பதிலுக்கு நான், 'சமர்ப்பிக்க' என்று எழுதுகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் திட்டிவிட்டு வந்தேன்.

சித்தி பலகையைக் கற்றுக்கொண்ட கதை தனி. முதல்நாள் அவர் தொலைந்துபோனார். அந்தப் பலகைக்கு எல்லை கிடையாது. சித்தி மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி எங்கோ போய்விட்டார், சுற்றிலும் வெள்ளை. "டேய், நான் எங்க இருக்கேன்?" என்றார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. அக்கா மகன் அவரைத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பக் கூட்டிவந்தான். இரண்டாம் நாள் ஒரு பொத்தான் வரைந்தார். மற்ற படங்களுக்குப் பக்கத்தில் அது அடுக்குமாடிக் கட்டடம் அளவுக்கு வந்துவிட்டது. என் அம்பு அதற்குள் மாட்டிக்கொண்டு, சுவரெங்கே கதவெங்கே என்று நான் அலைந்தேன்.

மரியாதைப் பிரச்சினை வேறு. என் அம்பு தற்செயலாக அவர் அம்பின் மேல் போனால், "இடிக்காத, தள்ளிப்போ," என்பார். அக்கா மகன் அவருடைய அம்பைக் கடக்கும்போது, பெரியவர்களைக் கடக்கிற மாதிரி சுற்றிக்கொண்டுதான் போவான். தன் சித்தியின் படத்துக்கு எதிராக மஞ்சள் சீட்டு ஒட்டும்போது, நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழுந்து ஒட்டுவான். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அவர் வரைய ஆரம்பித்தால்தான் வேடிக்கை. பழக்கதோஷத்தில் இடது கையைத் திரையைச் சுற்றி வளைத்துக்கொள்வார். நாங்கள் எல்லோரும் பலகைக்குள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் அம்புகள் அசைவதைக் கண்டதும் அவர் கை நின்றுவிடும். அப்புறம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பலகையில் வெகுதூரம் போய், ஆளில்லாத மூலையில் திருட்டுத்தனமாக வரைந்து, முடிந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைப்பார். ஒருநாள் எதேச்சையாக நான் அந்த மூலைக்குப் போனேன். என் அம்பைக் கண்டதும் அவர் அம்பு ஆடு திருடினவன் மாதிரி முழித்தது. அம்பு எப்படி முழிக்கும் என்று கேட்காதீர்கள். முழித்தது.

எப்படியோ முதல் திரை உருவாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு பெரிய பச்சைப் பொத்தான். அதில், 'இப்போதே நேரம் வேண்டும்' என்று எழுதியிருந்தேன். கீழே டாக்டர் படம், வேலை நேரம். அவ்வளவுதான். சித்தி அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். இரண்டு நாள் கழித்து மத்தியானம் கிளினிக்காரர்கள் உள்ளே வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

மறுநாள் காலை முதலாளியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'இன்று ஆபீஸ் வரவில்லை. போர்டில் பார்க்கிறேன்.' கொஞ்ச நேரத்தில் பலகையில் ஒரு புது அம்பு வந்தது. வாலில் 'முதலாளி' என்று தொங்கியது. அந்தப் பெயரைப் போட்டு வைத்தவன் அக்கா மகன்தான். அம்பு நேராக வந்து சித்தியின் பெரிய பொத்தான் மேல் நின்றது.

நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

"தட்டறாரு," என்றான் அக்கா மகன், ரகசியக் குரலில். முதலாளி வீட்டில் இருக்கிறார், நாங்கள் அலுவலகத்தில் இருக்கிறோம், இருந்தாலும் எல்லோர் குரலும் தானாக இறங்கிவிட்டது.

"பொத்தான்ல ஏதோ தப்பு," என்றார் சித்தி.

பச்சையை நீலமாக்கினார். அம்பு நகரவில்லை. நீலத்தை ஆரஞ்சாக்கினார். அப்போது அம்பு லேசாக நடுங்கியது. இடதும் வலதுமாக, விடாமல்.

"தலையாட்டறாரு."

"ஆமான்னு ஆட்டறாரா, இல்லன்னு ஆட்டறாரா?" என்றேன்.

"பக்கவாட்டுல ஆட்டறாரே. இல்லன்னுதான்."

எழுத்துதான் பிடிக்கவில்லையோ என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, 'இப்போதே நேரம் வேண்டும்' என்பதை அழித்து, 'முன்பதிவைச் சமர்ப்பிக்க' என்று எழுதினேன். சித்திக்காகத்தான் செய்தேன். வேறு யார் கேட்டிருந்தாலும் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். அம்பு இன்னும் நடுங்கியது.

பொத்தானைக் கீழே நகர்த்திப் பார்த்தார் சித்தி. அம்பு நின்ற இடத்திலேயே, இப்போது வெறும் வெள்ளையின் மேல் நின்றது. இது இன்னும் மோசம். வெற்றிடத்தைக் காட்டுகிறார் என்றால் அங்கே எதையோ எதிர்பார்க்கிறார். ஒரு பல்லை வரைந்து வைத்தோம். நடுங்கினார். பல்லுக்குச் சிரிப்பு வைத்தோம். நடுங்கினார். பல்லின் கையில் பிரஷ் கொடுத்தோம். பல்லுக்கு ஏது கை என்று நான் கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவர் நிற்கிற இடத்தைச் சுற்றிப் பெரிய மைதானம் மாதிரி காலியாக விட்டோம். மற்ற எல்லாம் ஓரம் ஓரமாக ஒதுங்கின. பெரிய பொத்தான் சுருங்கிச் சுருங்கி, வலதுபக்கக் கீழ்மூலையில் வேர்க்கடலை அளவுக்கு வந்து சேர்ந்தது.

ஃபோன் போட்டுக் கேட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். யார் போடுவது? அந்தப் பெருமூச்சை நீங்கள் கேட்டதில்லை.

சாயங்காலம் நடுக்கம் நின்றது. அம்பு அமைதியாக மைதானத்தின் நடுவில் இருந்தது.

"ஒத்துக்கிட்டாரு," என்றான் அக்கா மகன், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

சித்தி பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை மறுநாள் காலை என்னிடம் சொன்னார். சித்தப்பா இடுப்புப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாராம். ஒரு கை இடுப்பில், இன்னொரு கை காலி. அந்தக் கையில் ஃபோனைக் கொடுத்து, "ஒரு டாக்டர்கிட்ட நேரம் கேக்கணும்னு வச்சுக்கோங்க. அமுக்குங்க பாக்கலாம்," என்றிருக்கிறார் சித்தி. சித்தப்பா கட்டைவிரலால் திரையெங்கும் தடவிவிட்டு, "இந்த மூலையில இருக்கறது என்ன, பொத்தானா, திரையில அழுக்கா?" என்று கேட்டு, சட்டை நுனியால் அதைத் துடைக்கவும் செய்தாராம்.

"அழுக்காம் பொத்தான். என் வேலையை அழுக்குன்னுட்டார் மனுஷன். அவர் மேல தப்பே இல்ல," என்றார் சித்தி. இதைச் சொல்லும்போது அவர் கண் சிவந்திருந்தது. நான் அதைத் தூக்கமின்மை என்று நினைத்தேன். கோபம் என்று பிறகுதான் தெரிந்தது.

கணினியைத் திறந்தார். முதலாளியின் அம்பு அதே இடத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி நடுங்க ஆரம்பித்தது.

"இப்பவும் பிடிக்கலையாம்," என்றான் அக்கா மகன், அழாத குறையாக.

சித்தி ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார். அம்புக்கு நேர் எதிரே ஒட்டினார். நாங்கள் எங்கள் திரைகளில் எழுத்து எழுத்தாகப் படித்தோம்.

'சார், வணக்கம். இந்தப் பொத்தான் பெரிசாத்தான் இருக்கணும்.'

அம்பு நடுங்கியது.

'நீங்க தலையாட்டினாலும் பெரிசாத்தான் இருக்கணும்.'

"சித்தி, வேணாம்," என்றான் அக்கா மகன்.

"நீ சும்மா இரு," என்றார் சித்தி, திரும்பாமல். அடுத்த சீட்டு விழுந்தது.

'வலி உள்ளவங்களுக்கு ஒரு கை வலிக்கிற இடத்துல இருக்கும். மிச்சம் இருக்கறது ஒரு கட்டைவிரல். அந்த விரல் தேடிக்கிட்டு இருக்கக் கூடாது.'

'நேத்து நீங்க சொன்னீங்கன்னு சின்னதாக்கினேன். ஆனா நீங்க சொல்லவே இல்ல. நீங்க எதையுமே சொல்லமாட்டேங்கறீங்க சார். தட்டிட்டுப் போயிடறீங்க. நாங்க ஆளாளுக்குப் பயந்து சாகறோம்.'

டீ கொண்டுவந்தவர் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். கடைசிச் சீட்டு வந்தது.

'கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் வரையணும்.'

அம்பு தள்ளிப் போகவில்லை. சித்தி அதைச் சட்டை செய்யவும் இல்லை. முதலாளியின் அம்பு நின்ற அதே இடத்தில், அதன் மேலேயே, பெரிய பொத்தானை வரைய ஆரம்பித்தார். ஒரு கோடு போட்டார், பிடிக்கவில்லை, அழித்தார். மறுபடி போட்டார். ஓரத்தை வளைத்தார், அதிகமாகிவிட்டது, குறைத்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் அது தெரியும். இடது கை திரையை வளைக்காமல் இடுப்பில் இருந்தது. எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், சித்தி வரைவதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அவ்வளவு அழகாக அழிப்பார் என்று எனக்குத் தெரியாது.

'பொத்தான், எழுத்தைப் போடு,' என்று எனக்கு ஒரு சீட்டு வந்தது. நான் ஓடிப்போய், 'இப்போதே நேரம் வேண்டும்' என்று போட்டேன். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் பலகையில் ஒரு ரோஜா நிறச் சீட்டு முளைத்தது. எங்களில் யாருக்கும் அந்த நிறம் கிடையாது.

'அவர் தள்ளிப் போகலன்னா பரவாயில்ல. நீங்க வரைங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.'

பக்கத்தில் ஓர் அம்பு. வாலில் 'விருந்தினர்' என்று இருந்தது. எல்லோர் கண்ணும் முதலாளி மேலேயே இருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. இன்னொரு சீட்டு வந்தது.

'நான் கிளினிக் ரிசெப்ஷன்ல இருக்கேன். மத்தியானம்தான் வரச் சொன்னீங்க. இந்த லிங்க் வேலை செய்யுதான்னு பாக்க வந்தேன். சுவாரசியமா இருந்தது, அப்படியே நின்னுட்டேன்.'

சித்தியின் கை நின்றது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். முதலாளியோடு சண்டை போட்டதை வாடிக்கையாளர் முழுசாகப் படித்துவிட்டார். மூக்கு வெட்டுகிற வேலை எங்கள் சித்தியைக் கைநீட்டிக் கூப்பிட்டது. அந்த அம்மா மேலும் எழுதினார்.

'ஒரு சந்தேகம். உங்க முதலாளி எப்படி இங்க நிக்கறார்? அவருக்கு நேத்து காலைலதான் எங்ககிட்ட கடவாய்ப்பல் எடுத்தோம். முகம் வீங்கி மாமனார் வீட்டுல படுத்திருக்காராம். இப்பகூட அங்கேருந்து மருந்து கேட்டு ஆள் வந்தாங்க.'

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அம்பைப் பார்த்தோம். அம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

அக்கா மகன் முதலாளி வீட்டுக்கு ஃபோன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். முதலாளியின் மனைவி எடுத்தார்.

"மேடம், சாரோட கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"பின் ரூம்ல இருக்கு. நேத்து காலைல எதையோ திறந்து பாத்துட்டு, ஒண்ணுமே தெரியல, வெறும் பச்சையா இருக்குன்னு அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு. ஏம்ப்பா?"

"பக்கத்துல ஏதாவது ஓடுதா?"

"வாஷிங் மெஷின் ஓடுது. மேசையை ஒட்டித்தான் இருக்கு. அவர் வீட்டுல இல்லாத நேரம் பாத்து ரெண்டு நாளா ஜன்னல் திரையெல்லாம் துவைக்கறேன். சத்தம் கேக்குதா? நிறுத்தட்டுமா?"

"கொஞ்சம் நிறுத்துங்க மேடம்."

அம்பு நின்றது.

"இப்ப போடுங்க."

அம்பு நடுங்கியது. அக்கா மகன் இதை இன்னும் நாலைந்து முறை செய்து பார்த்தான். தேவையே இல்லை. அந்த ஆட்டத்தில் மவுஸ் அசைந்துகொண்டே இருந்ததால்தான் பகல் முழுக்க கணினி தூங்கவில்லை, ராத்திரி தூங்கியதையும் காலையில் அதே ஆட்டம் எழுப்பிவிட்டிருக்கிறது. வெறும் பச்சை என்று முதலாளி பார்த்தது சித்தியின் பொத்தானைத்தான். சக்கரத்தை உருட்டி அவ்வளவு கிட்டத்தில் போய்விட்டதால், ஓரம் தெரியாமல் நிறம் மட்டும் தெரிந்திருக்கிறது.

ஒரு நாள் முழுக்க நாங்கள் ஜன்னல் திரைகளின் பேச்சைக் கேட்டு வேலை செய்திருக்கிறோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. 'சமர்ப்பிக்க' என்று என் கையால் எழுதினேனே.

சித்தி நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப இவ்வளவு நேரம் நான் யார்கிட்ட பேசினேன்?"

"துணிகிட்ட சித்தி," என்றேன்.

அவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வர வர.

ரிசெப்ஷன் அம்மா பலகையிலேயே காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கிற முகம் ஒரு வரிசை ஒட்டினார். பிறகு வேலைக்கு வந்தார். 'எங்க டாக்டர் இந்த முடிவை என்கிட்ட விட்டிருக்கார். எனக்கு இந்தப் பெரிய பொத்தான்தான் வேணும். அதோட அந்த மூலையில சின்னதா ஒண்ணு இருக்கே, அதையும் தூக்காதீங்க. அதுல 'ரத்து'ன்னு எழுதுங்க. பல்லுன்னதும் கடைசி நேரத்துல பயந்து ரத்து பண்றவங்கதான் ஜாஸ்தி. அவங்க கொஞ்சம் தேடட்டும்.'

பார்க்க வருகிறவர்களைத் தேடவிடுவது எனக்குச் சம்மதமில்லை என்று நான் ஒரு சீட்டு ஒட்டினேன். ரிசெப்ஷன் அம்மா விடவில்லை. கடைசியில் வேர்க்கடலையைக் கொஞ்சம் பெரிதாக்கி, மேலே, 'பயமா இருக்கா? பேசலாம், கூப்பிடுங்க' என்று எழுதினோம். அதையும் சித்திதான் எல்லோர் முன்னாலும் வரைந்தார்.

முதலாளி வந்தபோது கன்னத்தில் பஞ்சு அடைத்திருந்தார். பேசக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. பலகையைப் பெரிய திரையில் போட்டிருந்தோம். சித்தியின் சீட்டுகளை எடுத்துவிடலாம் என்று நானும் அக்கா மகனும் எவ்வளவோ சொன்னோம். சித்தி கேட்கவில்லை. முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் அவருக்கு எழுதியது, அவர் பெயர் போட்ட அம்பின் எதிரில் ஒட்டியது. படித்து முடித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 'நீங்க எதையுமே சொல்லமாட்டேங்கறீங்க சார்' என்ற சீட்டின் மேல் தட்டினார். "ம்," என்றார்.

பழக்கதோஷத்தில் நாங்கள் தட்டிய இடத்தைச் சுற்றிக் கூடிவிட்டோம். சித்தி மட்டும் கூடவில்லை. விசைப்பலகையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"என்னன்னு எழுதுங்க சார்."

முதலாளி பேந்தப் பேந்த விழித்தார். பெருமூச்சு விடப் பார்த்தார், பல் பிடுங்கிய இடம் வலித்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு விரலால் தேடித் தேடி எழுதினார்.

'வலிக்குது. இது சரி. இனி நீங்கதான்.'

சித்தி இப்போது எங்கள் திரைகளுக்கெல்லாம் பொறுப்பு. பாத்ரூமில் போய் ஒளிவதில்லை. வீட்டில் சித்தப்பா கிரிக்கெட்டை முகத்தால் பார்க்கிறார், மட்டையடிக்கிறவர்கள் இவ்வளவு வியர்ப்பார்கள் என்று இப்போதுதான் தெரியும் என்கிறார். முதலாளி இன்னமும் பேனாவால் தட்டுகிறார். தட்டிவிட்டு, சித்தி பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்து, ஒரு வரி எழுதியும் வைக்கிறார்.

ஒரே ஒரு புதுத் தொந்தரவு. சில நாள் நான் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருப்பேன். அடுத்த மேசையிலிருந்து சித்தி கூப்பிடுவார்.

"பொத்தான், போர்டுல யாருமே இல்ல. கொஞ்சம் வந்து நில்லேன்."

"எனக்கு வேலை இருக்கு சித்தி. அங்க வந்து நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இரு. கோடு வரமாட்டேங்குது."

நான் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், ஓர் ஓரத்தில் என் அம்பை நிறுத்துவேன். சித்தி வரைய ஆரம்பிப்பார். நான் மவுஸைப் பிடித்து லேசாக இடதும் வலதுமாக ஆட்டுவேன்.

"துணி துவைக்காத, நேரா நில்லு," என்பார் சித்தி, கோடு போட்டுக்கொண்டே.